லயம் லயமாக ஏறி இறங்கிய பிள்ளைகளுக்கு

கேரளத்தின் வண்டிப்பெரியாறு சுற்றுவட்டத் தேயிலை எஸ்டேட்களிலிருந்து வந்து எங்கள் பள்ளிச் சந்தைக்குத் தோள்கொடுத்த தம்பி, தங்கைகள் எல்லாருக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் வணக்கம்.

பள்ளிச் சந்தை என்றால் பஜ்ஜிக் கடைக்கும் குலுக்கலுக்கும்தான் கூட்டம் சேரும். கல்வி ஸ்டால் என்று மூலையில் ஒரு மேசை போட்டிருப்போம், யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். இந்தத் தடவை அந்த மேசைக்கு முன்னால்தான் வரிசை. சந்தைக்கு முந்தைய வாரமே, கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு ஆட்கள் வீடு திரும்பும் நேரம் பார்த்து நீங்கள் லயங்களுக்கு, அதாவது எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, போய்ப் பேசியதன் பலன் அது.

நம் பெற்றோர் மலையாளம் நன்றாகவே பேசுவார்கள். வாசிக்கத்தான் பலருக்கு வராது. அறிவிப்புகளோ பெரும்பாலும் மலையாளத்தில் வருகின்றன. பிள்ளை கொண்டுபோகும் நோட்டீஸ் வீட்டில் ஏதோ ஓர் ஆணியில் தொங்கும், கடைசித் தேதியும் போய்விடும். நீங்கள் சார்ட்டில் பெரிய எழுத்தில் தமிழில் எழுதினீர்கள்: “பிள்ளை எட்டாம் வகுப்பா? அரசுப் பள்ளியா, எய்டட் பள்ளியா? குடும்ப வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்துக்குள்ளா? மத்திய அரசின் என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வு எழுதலாம். உதவித்தொகை கிடைத்தால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய்.” கீழே சிவப்பு மையில், “தமிழிலேயே எழுதலாம்.” எந்தப் பெற்றோர் கூட்டத்திலும் எங்களால் இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல முடிந்ததில்லை.

மாதிரிக் கேள்விகளை வைத்தது யாருடைய யோசனையோ, அவருக்குத் தனி நன்றி. எண் தொடரில் விடுபட்ட எண்ணை மகன் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்க, பக்கத்தில் நின்ற அம்மா பட்டென்று சொல்லிவிட்டார். கொழுந்துக் கணக்குப் பார்க்கிறவருக்கு இதெல்லாம் எம்மாத்திரம்! அவரிடமே கேரள அரசின் எழுத்தறிவு இயக்கமான சாக்ஷரதா மிஷனின் பத்தாம் வகுப்புத் துல்யதா, அதாவது பத்தாவதுக்கு இணையான படிப்பு, பற்றி எடுத்துச் சொன்னாளே ஒரு தங்கை, அதுதான் சாமர்த்தியம். ஏழாவது தேறி, 17 வயது நிறைந்திருந்தால் சேரலாம் என்றதும், “இந்த வயசுல எனக்கெதுக்குடா கண்ணு” என்று சிரித்தவர், போகும்போது விவரத்தாளைக் கேட்டு வாங்கிப்போனார்.

அப்புறம் அந்த வருமானச் சான்றிதழ். பாதி விண்ணப்பங்கள் அங்கேதான் நின்றுபோகும். ஒருநாள் லீவு போட்டால் ஒருநாள் கூலி போச்சு என்பதால் வில்லேஜ் ஆபீஸ் பக்கம் யாரும் போக மாட்டார்கள். ரேஷன் கார்டையும் ஆதாரையும் ஒழுங்குபடுத்தி, எந்தத் தாள் குறைகிறது என்று ஒவ்வொரு வீட்டுக்கும் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து, ஆன்லைனில் விண்ணப்பிக்கும் அக்ஷயா சேவை மையத்துக்கு நீங்களே கூட்டிப்போனீர்கள். மேடையில் யாரும் இதைச் சொல்லவில்லை. ஆனால், என்னைக் கேட்டால், சந்தையின் உருப்படியான வேலை இதுதான்.

கப்பக்கிழங்கும் கட்டன் சாயாவும் தந்த குடும்பஸ்ரீ மகளிர் குழு அக்காமார்களுக்கும், மேசை நாற்காலி ஏற்றிவந்து டீசல் காசு மட்டும் வாங்கிக்கொண்ட ஜீப்காரர் அண்ணனுக்கும், மழை பிடித்ததும் பிள்ளைகளை வீட்டில் ஏற்றிக்கொண்ட பள்ளிக்கு எதிர்வீட்டுச் சேச்சிக்கும் நன்றி.

சார்ட்டுகளைப் பத்திரமாக வைத்திருக்கிறோம். அடுத்த விண்ணப்ப அறிவிப்பு வந்ததும் கூப்பிடுவோம். பரீட்சை இருக்கிறவர்கள் அதை முடித்துவிட்டு வந்தால் போதும்.

அன்புடன்,
தமிழ்ப் பிரிவு ஆசிரியை,
பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்காக