மே 29 காலையில் வந்து நின்றவர்களுக்கு

அன்புள்ள திருச்சி மக்களுக்கு வணக்கம்.

1999 கார்கில் போரில் உயிர்விட்ட நம் ஊர் மேஜர் சரவணனின் நினைவு நாளை இந்த வருஷமும் நல்லபடியாக நடத்திவிட்டோம். நடத்தினோம் என்று நாங்கள் சொல்லிக்கொண்டாலும் பாதிக்கு மேல் நீங்கள் செய்த வேலை. அதற்குத்தான் இந்த மடல்.

கண்டோன்மெண்ட் நினைவுச்சின்னத்தைச் சுற்றி இருட்டிலேயே கழுவிவிட்டுப் போன துப்புரவுப் பணியாளர்களுக்கு முதல் நன்றி. நாங்கள் ஐந்தரைக்குப் போனபோது தரை காய்ந்திருந்தது, அவர்களைக் காணோம். காந்தி மார்க்கெட்டிலிருந்து பூ கொண்டுவந்த அக்கா வண்டிச் சத்தம் மட்டும்தான் வாங்கிக்கொண்டார். மைக் செட் தம்பி அதுவும் வாங்கவில்லை.

ஓய்வுபெற்ற ஹவில்தார் ஐயாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கார்கில் போரைப் பிள்ளைகளுக்கு அவர்தான் விளக்கினார். பட்டாலிக் பகுதியில் ஜூபர் மலை, 14,000 அடிக்கு மேல். மூச்சு முட்டும்; ஒளிந்துகொள்ள ஒரு மரம் கிடையாது. எதிரி மேலே பதுங்கு குழியில், நம்மவர்கள் கீழிருந்து ஏற வேண்டும். 1999 மே 29 விடிகாலையில் அப்படித்தான் ஏறினார்கள். அடிபட்ட பிறகும் சரவணன் முன்னேறினார். வயது 26. பிறகு போர்க்கள வீரத்துக்கான வீர் சக்ரா விருது கொடுத்தார்கள். அதே தாக்குதலில் விழுந்த நாயக் கணேஷ் பிரசாத் யாதவ் பெயரையும் பிள்ளைகளைச் சத்தமாகச் சொல்ல வைத்தார் ஐயா. இத்தனை வருஷம் அந்தப் பெயரை நாங்கள் மேடையில் சொன்னதில்லை. தப்புதான். இனி விட மாட்டோம்.

அந்தப் பெயரைக் கேட்டுத்தான், பக்கத்துக் கட்டட வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவர் நின்றார். ஜார்க்கண்ட்காரர். 1999ல் அவர் ஊரும் பிகார்தான். சரவணனும் யாதவும் இருந்த படைப்பிரிவு ‘பிகார் ரெஜிமெண்ட்’ என்று பலகையைக் காட்டியதும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பூப் போட்டார். ஒரு நாள் கூலி போய்விடுமே என்றோம். கடைசி வரை நின்றுவிட்டுத்தான் போனார். தம்பி, உனக்குத் தமிழில் எழுதுகிறோம்; யாராவது படித்துச் சொல்லட்டும்.

அப்புறம், நேரில் சொல்ல முடியாத ஒரு நன்றி பாக்கி இருக்கிறது. சரவணனின் உடல் ஒரு மாதத்துக்கு மேல் அந்தச் சரிவிலேயே கிடந்தது. எடுக்கப் போனவர்கள் மேலும் துப்பாக்கிச் சூடு. நான் அப்போது கல்லூரியில் படித்தேன். அந்த ஜூன் முழுக்க, இன்றைக்காவது கொண்டுவந்தார்களா என்று பார்க்கத்தான் காலையில் பேப்பரைப் பிரிப்பேன். ஜூலையில்தான் அந்தச் செய்தி வந்தது. திரும்பத் திரும்ப ஏறி அவரை இறக்கிக் கொண்டுவந்த ஜவான்களின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. எங்கள் ஊர்ப் பிள்ளையை அங்கேயே விட்டுவிடாமல் வீட்டாரிடம் சேர்த்தீர்கள் ஐயா. உங்களுக்குக் கோடி கும்பிடு.

நன்றியுடன்,
நினைவு நாள் ஏற்பாட்டுக் குழு நண்பர்கள் சார்பில்,
திருச்சிராப்பள்ளி