காலுக்கு ஏத்த மரம்: பினாங்குலேருந்து அண்ணனுக்கு

பாயான் லெப்பாஸ், பினாங்கு, மலேசியா
ஞாயித்துக்கிழமை ராத்திரி

அன்புள்ள அண்ணே,

நீ, அண்ணி, புள்ளைங்க, அப்பா, அம்மா எல்லாரும் நல்லா இருக்கீங்களா. நான் நல்லா இருக்கேன். போன வாரம் போன்ல "ஒரு வருசம் காசு சேத்து பிளாஸ்டிக் தோணியாடா வாங்குன"ன்னு நீ கேட்டப்ப கம்பெனி பஸ் வந்துருச்சு, பதில் சொல்ல முடியல. பின்னாடி அம்மா அழுததும் காதுல விழுந்துச்சு. அதான் இன்னைக்கு லீவுல உக்காந்து முழுசா எழுதுறேன், நீளமாத்தான் வரும், அம்மாவுக்கு படிச்சு காட்டு.

இங்க பொழப்பு உனக்கு தெரியும், 12 மணி நேர ஷிப்ட், மெஷின் பக்கத்துல நின்னுகிட்டே இருக்கணும். இந்த பாயான் லெப்பாஸ்ல 1972லேருந்தே ஃபேக்டரிங்கதான், ஒன்னு விட்டு ஒன்னு. ரூம்ல அடுக்கு கட்டில், எனக்கு முழங்காலை மடக்காம படுக்க முடியாது, ஆறடி மூணு அங்குலத்துக்கு எந்த ஊர்லயும் கட்டில் செய்ய மாட்டாங்க போல. ஆனா ஒம்பதாவது மாடி ஜன்னல்ல நின்னா கடல் தெரியும்ணே. கிழக்க பாத்தா ஜெரஜாக் தீவு, அதுக்கு தெக்க 2014ல தொறந்த ரெண்டாவது பாலம், 24 கிலோமீட்டர் நீளம், ராத்திரியில லைட்டு வரிசையா கடலுக்குள்ள போயிகிட்டே இருக்கும். ரெண்டு வருசமா அதை பாத்துகிட்டே மட்டும்தான் இருந்தேன். பொறந்ததுலேருந்து தண்ணியில கெடந்தவன், கடலை ஜன்னல் வழியா பாக்குறது எப்படி இருக்கும்னு உனக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

எங்க லைன்ல ஒரு அண்ணன் இருக்காரு, இந்த ஊருலயே பொறந்தவரு, தாத்தா காலத்துல ரப்பர் தோட்டத்துக்கு வந்த குடும்பம், நல்லா தமிழ் பேசுவாரு. அவருதான் ஒரு நாள் வாடகை கயாக்ல, அதான் நீ சொன்ன அந்த பிளாஸ்டிக் தோணியில, மீன் புடிக்க கூட்டிட்டு போனாரு. ரெண்டு பேருக்கும் ஆளுக்கு ஒன்னு, ஒரே மாதிரி. அவரு அஞ்சடி அஞ்சு அங்குலம், சொகமா காலை நீட்டி உக்காந்துட்டாரு. எனக்கு காலை நீட்டுனா பாதம் முன்னாடி சொவத்துல முட்டுது, மடக்குனா முழங்கால் நெஞ்சு கிட்ட வந்து துடுப்பு ஒவ்வொரு வலிப்புக்கும் முட்டியில இடிக்குது. சீட்டுன்னு தனியா ஒன்னும் கெடையாது, அந்த பிளாஸ்டிக்குலயே குழியா வாத்திருக்கான், முதுகுக்கு ஒரு பட்டை. நாலு மணி நேரம் கழிச்சு கரைக்கு வந்து எறங்குறேன், இடுப்புக்கு கீழ எனக்கு காலே இல்ல, மரத்து போச்சு. அப்படியே சேத்துல முட்டி போட்டு விழுந்துட்டேன், அண்ணன் வந்துதான் தூக்குனாரு. ரெண்டு நாள் வலது தொடைக்கு பின்னாடி சுருக்கு சுருக்குன்னு இழுத்துச்சு, ஷிப்ட்ல நிக்க முடியல.

அன்னைக்குதான் எனக்கு பயம் வந்துச்சுண்ணே. விழுந்தது முழங்கால் தண்ணியில, சரி. இதே நடுக்கடல்ல கவுந்து, கால் மரத்து போயிருந்தா எப்படி நீந்துவேன், எப்படி மறுபடி ஏறுவேன்? சொகமா உக்காரணும்னு நான் அலைஞ்சது அதுக்குத்தான். நீ போன்ல "சொகுசு கேக்குதா"ன்னு கேட்ட, அதுக்கு இதான் பதில்.

அப்புறம் மூணு மாசம் லீவு நாளெல்லாம் கடை கடையா ஏறி எறங்குனேன். எல்லா கடையிலயும் ஒரே பேச்சு, நீங்க உயரம், அதனால நீளமான கயாக் வாங்குங்கன்னு. 14 அடி ஒன்னுல உக்கார வச்சான் ஒருத்தன். உக்காந்தா அதே கதை! தோணி எவ்வளவு நீளமா இருந்தா என்ன, சீட்டுலேருந்து கால் மிதிக்கிற கட்டை வரைக்கும் உள்ள எடம்தான் நமக்கு கணக்கு. அந்த 14 அடியில அந்த எடம், நான் கடைசியா வாங்குன 12 அடியில இருக்கறதை விட குறைச்சல். நீளம் கூடுனா வேகமா, நேரா போகும், அவ்வளவுதான், காலுக்கு எடம் தானா வந்துராது. இந்த ஒன்னை புரிஞ்சிக்கவே எனக்கு ஒரு மாசம் ஆச்சு.

கயாக்ல ரெண்டு ஜாதிண்ணே. ஒன்னு உள்ள காலை விட்டு உக்கார்ற மாதிரி, மேல மூடி இருக்கும். அதுல முட்டி மேல் தட்டுல அழுத்தும், கவுந்தா நீட்டு காலை உருவி வெளிய வர்றது கஷ்டம், உள்ள தண்ணியும் ரொம்பிரும். அது எனக்கு ஆகாது. இன்னொன்னு மேல உக்கார்றது, சிட் ஆன் டாப்னு சொல்றாங்க. அடியில ஓட்டை ஓட்டையா விட்டிருப்பான், அலை மேல ஏறுனாலும் தண்ணி அந்த ஓட்டை வழியா தானா வடிஞ்சு போயிரும். அதை பாத்ததும் எனக்கு சிலிர்த்துருச்சு, இது நம்ம கட்டுமரம்தானே! மரத்துக்கு நடுவுல தண்ணி வரும், போகும், ஆனா மரம் முங்காது. தாத்தா கச்சான் காத்துல அதுலதானே போயிட்டு வந்தாரு.

சீட்டு விசயத்துக்கு வர்றேன், அதுதான் முக்கியம். அலுமினிய பிரேம் போட்டு வலை துணி கட்டுன சீட்டு வருது, ஈசி சேர் மாதிரி, தரையிலேருந்து ஒரு ஜாண் ஒசரத்துல நிக்கும். ஒசரத்துல உக்காந்தா முட்டி லேசா மடங்கும், தொடை முழுக்க சீட்டு தாங்கும், பாரம் வால் எலும்புல மட்டும் எறங்காது. கீழ உக்காந்து காலை நேரா நீட்டுனாத்தான் தொடை நரம்பு இழுக்குது, அதான் எனக்கு அன்னைக்கு ஆனது. ஆனா ஒசரத்துல உக்காந்தா ஒரு ஆபத்தும் இருக்கு, நம்ம மாதிரி ஆளுக்கு உடம்பு பாரம் ஏற்கனவே மேலதான், சீட்டும் ஏறுனா தோணி தள்ளாடும். அதனால அகலம் வேணும். 30 அங்குல அகலத்துல ஒசர சீட்டு போட்டு உக்காந்து பாத்தேன், மீனை எட்டி புடிக்க சாஞ்சாலே ஒரு பக்கம் எறங்குது. 34 அங்குலத்துல கல்லு மாதிரி நின்னுச்சு. அகலம் கூடுனா வேகம் குறையும், குறையட்டும், நான் என்ன போட்டிக்கா போறேன்.

சரின்னு அந்த 34 அங்குலத்தை வாங்கிடலாம்னு இருந்தப்ப, லைன் அண்ணன் ஒன்னு சொன்னாரு, "தம்பி, கடையில அஞ்சு நிமிசம் உக்காராத, ஒரு மணி நேரம் உக்காரு"ன்னு. கடைக்காரரு நல்ல மனுசன், சீன தாத்தா, ஒன்னும் சொல்லல. தரையில துணி விரிச்சு தோணியை வச்சு குடுத்தாரு, நான் துடுப்பை கையில வச்சுகிட்டு காத்துல வலிச்சுகிட்டே உக்காந்திருந்தேன். 20 நிமிசத்துல தெரிஞ்சுது, என் குதிங்கால் உக்கார்ற எடத்துல ஒரு மேடு. மத்தவங்க குதிங்கால் அதுக்கு முன்னாடியே பள்ளத்துல நின்னுரும், எனக்கு 12 நம்பர் செருப்பு, கால் நீளம் வேற, சரியா அந்த மேட்டு மேல. அஞ்சு நிமிசத்துல இது தெரிஞ்சிருக்காது. அதை விட்டுட்டு, மிதி கட்டையை தண்டவாளம் மாதிரி முன்ன பின்ன தள்ளுற, பள்ளம் நீளமா போற இன்னொன்னை காட்டுனாரு. கட்டையை கடைசிக்கு தள்ளாம அதுக்கு ரெண்டு பல்லு முன்னாடியே எனக்கு சரியா இருந்துச்சு, ஒரு மணி நேரம் உக்காந்தும் ஒன்னும் இழுக்கல. அதைத்தான் வாங்குனேன். 12 அடி, 34 அங்குலம், 36 கிலோ. வெலையை அப்பாகிட்ட சொல்லாத, வட்டிக்கு ஒரு காசு கூட வாங்கலன்னு மட்டும் சொல்லு.

மிதிச்சு ஓட்டுற கயாக்கும் பாத்தேன். ஹோபின்னு அமெரிக்க கம்பெனி, 1997ல அவன்தான் பென்குயின் செட்டை மாதிரி அடியில ரெண்டு துடுப்பு ஆடுற பெடலை கொண்டாந்தான், ரெண்டு கையும் சும்மா இருக்கும், தூண்டில் புடிக்க ரொம்ப வசதி. அந்த கம்பெனி அதுக்கு முன்னாடி பேர் வாங்குனதே ஹோபி கேட்ங்கற பாய்மர படகுலதான், கேட்ங்கறது கேட்டமரான், கேட்டமரான்ங்கறது நம்ம கட்டுமரம்! புள்ளைங்ககிட்ட சொல்லு. ஆனா மிதிக்கிற கயாக்ல உயரமானவன் சைக்கிள் சீட்டு பாக்குற மாதிரி பாக்கணும், கால் கடைசியா தள்ளுறப்ப முட்டி லேசா மடங்கி இருக்கணும், சீட்டு பின்னாடி போகலன்னா முட்டி வலி நிச்சயம். எனக்கு அது சரியாத்தான் இருந்துச்சு, வெலைதான் ரெண்டு மடங்குக்கு மேல. அதோட இங்க வத்தம் வந்து தண்ணி எறங்குனா ஒரே சேறு. நம்ம ஊர் மாதிரி இல்லண்ணே, அமாவாசை பௌர்ணமிக்கு ஒரு ஆள் உயரம் தண்ணி ஏறி எறங்குது, தோணி விட்ட எடத்துக்கு திரும்பி வந்தா தண்ணியே இருக்காது, சேத்துல செட்டை மாட்டிக்கும். துடுப்பே போதும்னு விட்டுட்டேன்.

துடுப்பும் நம்ம உயரத்துக்கு பாத்துதான் வாங்கணும். தோணி அகலம், சீட்டு ஒசரம், 240 சென்டிமீட்டர் துடுப்பு தண்ணியை எட்டவே குனிய வேண்டி இருந்துச்சு. 250 வாங்குனேன், தோள் வலி நின்னுருச்சு. இன்னொன்னு, 200 கிலோ தாங்கும்னு போட்டிருந்தா 200 ஏத்த கூடாது. நான் 96, தண்ணி, ஐஸ் பெட்டி, தூண்டில் எல்லாம் சேத்து 130க்குள்ள நிறுத்திக்கறேன், மிஞ்சுனா வடியிற ஓட்டை வழியாவே தண்ணி மேல வந்து சீட்டு நனையும். நான் காலுக்காக சீட்டை பின்னாடி தள்ளுறேன்ல, அதுல பின்பக்கம் முங்குது, அதனால ஐஸ் பெட்டியை முன்னாடி வச்சிட்டேன். வலையை எங்க வைக்கணும்னு அப்பா கத்துவாரே, அதே கணக்குதான்.

தோணி லிப்ட்ல ஏறாது. தெலுக் கும்பார்ல ஒரு மலாய்காரரு, பாக்சிக்னு, மாமான்னு சொல்ற மாதிரி, கூப்புடுறோம், பழைய மீனவரு, அவரு வீட்டு தாழ்வாரத்துல வச்சிருக்கேன். மாசம் கொஞ்சம் காசு குடுத்தா வாங்க மாட்டேங்குறாரு, மீன் குடுத்தா வாங்கிக்கறாரு.

இப்ப அம்மாவுக்கு. அம்மா, நீ 2004ஐ நெனச்சுதான் அழுவுறன்னு எனக்கு தெரியும். அந்த சுனாமி இந்த பினாங்குக்கும் வந்துச்சும்மா, இங்கயும் 50 பேருக்கு மேல போயிட்டாங்க, பாக்சிக் இன்னும் அதை பத்தி பேசும்போது குரல் எறங்கிடும். அதனால இங்க கடலை யாரும் லேசா எடுக்கறதில்ல, நானும் எடுக்கல. கரை கண்ணுக்கு தெரியுற தூரம்தான் போறேன். பாலத்து தூண் கிட்ட நீவாடு, அதான் நீரோட்டம், இழுக்கும், அங்க போறதே இல்ல. சுமத்ரா பக்கத்துலேருந்து விடியக்காலையில திடீர்னு காத்தும் மழையும் சேந்து வரும், மேற்க கறுத்து கோடு மாதிரி மேகம் தெரிஞ்சா அன்னைக்கு தோணியை தொடறதே இல்ல. லைப் ஜாக்கெட் எப்பவும் மேலதான் இருக்கும், ஒசர சீட்டுல முதுகு பக்கம் தடியா இருந்தா சாய முடியாதுன்னு, பின்னாடி மெல்லிசா வலை வச்சதா தேடி வாங்குனேன், சாய முடியலன்னா வெயில்ல கழட்டி போட தோணும் பாரு, அதுக்குத்தான். சொறிமுட்டை, அதான் ஜெல்லி மீன், படாம இருக்க முழுக்கை சட்டை. முதல் மூணு வாரம் மீனே புடிக்கல, நெஞ்சளவு தண்ணியில வேணும்னே கவுத்து கவுத்து ஏறி பழகுனேன், வயித்தை குறுக்க போட்டு, அப்புறம் உருண்டு, அப்புறம் காலை உள்ள. லைன் அண்ணன் கரையில நின்னு எண்ணுனாரு, 31 தடவை.

போன ஞாயித்துக்கிழமை ஒரு கொடுவா மாட்டுச்சுண்ணே, இங்க சியாக்காப்னு சொல்றாங்க. உயிர் இறாலை போட்டுட்டு தண்ணி ஏற ஆரம்பிக்கிற நேரத்துக்கு காத்திருந்தேன், முதல்ல லேசா ஒரு தட்டு, அப்புறம் தூண்டில் வளைஞ்சு நுனி தண்ணிக்குள்ள போயிருச்சு. தோணியோட முகத்தையே திருப்பி இழுத்துட்டு போச்சு. ரெண்டு காலையும் மிதி கட்டையில ஊனி பின்னாடி சாஞ்சேன், அப்பதான் தெரிஞ்சுது அந்த கட்டை என் காலுக்கு சரியா இருக்கறது எவ்வளவு பெரிய விசயம்னு, ஊனுறதுக்கு எடம் இல்லன்னா தூண்டிலை விட்டிருப்பேன். ரெண்டு தடவை வெளிய துள்ளி தலையை ஒதறுச்சு, செவுள் தகதகன்னு. நாலு கிலோ. பாதி பாக்சிக்குக்கு, மீதியில லைன் அண்ணன் வீட்டுல புளிக்குழம்பு. அவங்க வீட்டு அக்கா வெண்டைக்காய் போட்டு வைக்கிறாங்க, நம்ம வீட்டு ருசி இல்ல, ஆனா சாப்புடும்போது யாரும் பேசல.

கடைசியா ஒரு வேலை சொல்றேன், மறக்காம செய். அப்பா வள்ளத்துல குறுக்கு பலகையில குந்தி உக்காந்து உக்காந்துதான் இடுப்பு போச்சுன்னு இப்ப எனக்கு தோணுது. அவரு உயரம்தானே எனக்கு வந்தது. அந்த பிரேம் சீட்டு தனியாவும் விக்கிறாங்க, கழட்டி மாட்டலாம். ஒன்னு பாத்து வச்சிட்டேன். அடுத்த மாசம் நம்ம தெரு பையன் ஊருக்கு வர்றான், அவன் பெட்டியோட குடுத்து விடுறேன். நீ செய்ய வேண்டியது, அப்பாவை வள்ளத்துல எப்பவும் உக்கார்ற எடத்துல உக்கார வச்சு, முட்டி மடக்குலேருந்து குதிங்கால் வரைக்கும் டேப்பு வச்சு அளந்து சொல்லு. அப்புறம் பலகையோட அகலம், பலகைக்கும் அடித்தளத்துக்கும் நடுவுல எவ்வளவு ஒசரம், அதையும். அவரு வேண்டாம்னுதான் சொல்லுவாரு, பேச்சு குடுத்துகிட்டே அளந்துரு. அங்குலத்துலயே சொல்லு, வெள்ளிக்கிழமைக்குள்ள கெடைச்சா சனிக்கிழமை போயி வாங்கிடுவேன்.

உன் தம்பி