டிரம்மைச் சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன்

தமிழ்நாடு, கேரளப் போக்குவரத்து ஆணையர்கள் இருவருக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

எனக்குக் கம்பத்தில் வீடு, வண்டன்மேட்டுக்குப் பக்கத்தில் மூன்று ஏக்கர் ஏலத்தோட்டம். தூங்குவது தமிழ்நாட்டில், வேலை கேரளத்தில். கம்பமெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக இப்படி ஏறி இறங்கிப் பிழைக்கிறவர்கள் இங்கே ஊருக்கு ஊர் உண்டு. அதனால்தான் ஒரே கடிதத்தை உங்கள் இருவருக்கும் சேர்த்து எழுதுகிறேன். தனித்தனியாக எழுதினால் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுவார் என்ற பயமும் உண்டு, மறைப்பானேன்.

விஷயம் என் ஜீப்பும், அதில் நான் மாற்றிய பிரேக்கும். மஹிந்திரா கம்பெனியின் எம்எம்540, 1992 மாடல். அப்போது தேனி மாவட்டமே பிறக்கவில்லை, மதுரையில் பதிவு. அப்பா வாங்கியது. 2112 சிசி பெஜோ டீசல் என்ஜின், 62 குதிரைத்திறன். இன்றைக்கு ஒரு சின்னக் கார் இதைவிட அதிகம் தரும். ஆனால் மழைக்காலத்தில் எங்கள் தோட்டத்துப் பாதையில் சின்னக் கார் கேட்டைத் தாண்டாது.

நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி என்றால் வெளிநாட்டில் 1980இல் வந்த ஆடி குவாட்ரோவையும், அப்புறம் வந்த சுபாரு இம்ப்ரெஸாவையும் சொல்வார்கள். அந்தப் பழைய கார்களைப் பிரித்து, துரு சுரண்டி, பெரிய டர்போ வைத்து வேகம் ஏற்றுவது அங்கே ஒரு தனிக் கலை. எங்கள் பக்கம் ஃபோர் வீல் என்றால் ஜீப், வசதிப்பட்டவர்களுக்கு மாருதி ஜிப்ஸி. வண்டிக்கு 'பவர் ஏத்துறது' என்பதற்கும் இங்கே வேறு பொருள். சேற்றில் லோ கியர் போட்டு, பாரத்தோடு, ஆக்சிலேட்டரை மிதிக்காமலே நடை வேகத்தில் ஏற வேண்டும். இறங்கும்போது சொன்ன இடத்தில் நிற்க வேண்டும்.

அந்த இரண்டாவது விஷயத்தில்தான் எனக்குப் பாடம் கிடைத்தது. ஓர் ஐப்பசி மாதம், நல்ல மழை. உலர்ந்த ஏலக்காய் ஆறு மூட்டை ஏற்றிக்கொண்டு கம்பமெட்டிலிருந்து இறங்கினேன். தோட்டத்து ஓடையில் இறங்கி ஏறிய ஈரம் வேறு பிரேக் டிரம்முக்குள், அதாவது சக்கரத்தோடு சுற்றுகிற இரும்புக் குடத்துக்குள். நாலாவது வளைவிலேயே கருகிய வாடை வந்தது. ஆறாவது வளைவில் பெடல் பாதி தூரம் வெறுமனே போனது. அடுத்த வளைவில் தரையைத் தொட்டது. இரண்டாவது கியருக்கு மாற்றி, ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்து, மலைப்பக்கத்துச் சாக்கடையில் சக்கரத்தை விட்டு நிறுத்தினேன். மறுபக்கம் பள்ளம். கீழே கம்பத்து விளக்குகள் தெரிந்தன. இறங்கி நிற்க முடியவில்லை, கால் நடுங்கியது.

மறுநாள் பட்டறையில் சக்கரத்தைக் கழற்றினார்கள். முன் டிரம் இரண்டும் சூட்டில் நீலம் பூத்திருந்தன. டிரம்மை உள்ளிருந்து உரசி நிறுத்துகிற ஷூவின் லைனிங் கண்ணாடி மாதிரி பளபளத்தது. பின்னால் இடது பக்கம் ஹவுசிங் ஆயில் சீல் விட்டுப்போய், லைனிங் எண்ணெயில் ஊறிக் கிடந்தது. மெக்கானிக் தம்பி விரலால் தொட்டு முகர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னான்: "அண்ணே, சீல் மாத்தி லைனிங் ஒட்டித் தந்துடுவேன். ஆனா டிரம் சூடானா விரியும், ஷூவுக்கு எட்டாமப் போகும். இந்த மலைக்கு அது அப்படித்தான். முன்னாடி டிஸ்க் போட்டுருவோம்."

அங்கிருந்து ஆரம்பித்தது. ஒரு வருடம் ஜீப் பட்டறையில்தான் கிடந்தது. சேசிஸில் துரு தின்ற இடத்தை வெட்டிப் புதுத் தகடு வைத்தோம். முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸைப் பிரித்து பேரிங், சீல் எல்லாம் மாற்றினோம். ஸ்பிரிங் பட்டைகளை இறக்கி, வளைவு போனவற்றை மாற்றினோம். முன்னால் டிஸ்க் பிரேக், மிதிக்கும் பலத்தைக் கூட்டுகிற பூஸ்டர், பவர் ஸ்டியரிங். எல்லாமே அதே கம்பெனியின் பிற்கால வண்டிகளுக்கு வந்த சாமான்கள். லைட் பார் போடவில்லை, டயரை மட்கார்டுக்கு வெளியே துருத்தவில்லை.

இந்த வேலை தெரியாதவர் கையில் போனால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். எம்எம்540க்கு முன், பின் சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் நடுவில் கிடையாது. ஃபோர் வீல் போட்டுவிட்டால் முன் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். சேற்றில் டயர் கொஞ்சம் வழுக்கிச் சமாளித்துக்கொள்ளும். தார் ரோட்டு வளைவில் வழுக்க இடமில்லாமல் ஷாஃப்ட் முறுக்கிக்கொள்ளும், லீவரை எடுக்கவே வராது. ஒருவர் பின்னால் மட்டும் கிரவுன் பினியனை (அச்சிலுள்ள பல்சக்கர ஜோடியை) வேறு கணக்கில் மாற்றிவிட்டு முன்னால் பழையதையே விட்டுவைத்தால், ஃபோர் வீல் போட்டதுமே நேர் ரோட்டிலும் இந்தச் சண்டைதான். அப்படி ஷாஃப்ட்டை இணைக்கும் யு ஜாயிண்ட் உடைந்து நடுவழியில் நின்ற வண்டியைக் கயிறு கட்டி இழுத்திருக்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் அந்த வண்டி கம்பெனி வண்டி மாதிரியே இருந்தது. எந்தச் செக்போஸ்ட்டிலும் மாட்டாது.

என்னுடையது மாட்டியது. ஓர் அதிகாரி குனிந்து சக்கரத்துக்குள் டார்ச் அடித்தார். "இது கம்பெனி ஐட்டம் இல்லையே" என்றார். டிரம்மைவிட இது நன்றாக நிற்கும் சார் என்றேன். "நிக்கிறது வேற, ரூல் வேற." அபராதம் கட்டினேன். அடுத்த வாரம் எல்லைக்கு அந்தப் பக்கம் வேறோர் அதிகாரி அதே வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, முன்னால் இருந்த இரும்பு பம்பரை மட்டும் கழற்றச் சொன்னார். பிரேக்கைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பம்பர் விஷயத்தில் அவர் சொன்னது நியாயம். 2017 டிசம்பரிலேயே மத்திய அமைச்சகம் அதைத் தடுத்தாயிற்று, நான்தான் கழற்றாமல் வைத்திருந்தேன். கழற்றிவிட்டேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பிறகு உட்கார்ந்து படித்தேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு: ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) உள்ள விவரம் தயாரிப்பாளர் சொன்ன விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கிலேயே, இதை அழுத்திச் சொன்னது. அதே தீர்ப்பு, அதே கம்பெனியின், அதே எரிபொருளில் ஓடும் என்ஜினை அனுமதி வாங்கி மாற்றலாம் என்றும் சொல்கிறது. மீறினால் 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம்வரை சிறையும் உண்டு.

சரி. ஆனால் ஆர்.சி.யில் என்ஜின் நம்பருக்கு இடம் இருக்கிறது, நிறத்துக்கு இருக்கிறது, சீட் கணக்குக்கு இருக்கிறது. பிரேக்குக்குக் கட்டமே இல்லை. இல்லாத கட்டத்தில் நான் எதை மாற்றினேன்? ஓர் அதிகாரி ஒரு விதமாக, இன்னோர் அதிகாரி வேறு விதமாகப் படிப்பதற்குக் காரணம் இதுதான்.

அனுமதி வாங்கி மாற்றலாம் என்கிறார்களே என்று அதையும் முயன்று பார்த்தேன். அதே கம்பெனியின் டர்போ டீசல் என்ஜின் ஒன்று, கவிழ்ந்த வண்டியிலிருந்து எடுத்தது, நல்ல நிலையில் கிடைத்தது. என் பழைய பெஜோவைவிடக் குறைவாகப் புகைக்கும். விண்ணப்பத்தோடு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். கம்பெனி கொடுத்த பில் கொண்டு வா என்றார்கள். பழைய என்ஜினுக்குக் கம்பெனி எப்படிப் பில் தரும்? நாலு முறை நடந்தேன். ஐந்தாவது முறை, பழைய பெஜோவுக்கே சிலிண்டரைக் கடைந்து, பிஸ்டன் மாற்றி, பம்ப்பையும் நாசிலையும் சரிபார்த்துப் போட்டுக்கொண்டேன். அந்த டர்போ என்ஜினை வேறொருவர் வாங்கிப்போய் அனுமதி இல்லாமலே மாட்டிக்கொண்டார். பிரேக் அவருக்கு இன்னும் டிரம்தான்.

எங்கள் பக்கத்துக் குற்றத்தையும் சொல்லாமல் விடக் கூடாது. 105 குதிரைத்திறன் சிஆர்டிஇ டீசல் என்ஜினைப் பழைய டிரம் பிரேக் வண்டியில் திணித்துவிட்டு, சைலன்சரை அறுத்துக்கொண்டு மலையேறுகிற பையன்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நீங்கள் போடும் அபராதத்தில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. தோட்டத்து ஆட்களை ஜீப்பில் பின்னால் தொங்கத் தொங்க ஏற்றிப் போகிறவர்களும் எங்கள் ஊர்க்காரர்கள்தான். அந்த வண்டிகளில் பல, கம்பெனி கொடுத்த அதே பிரேக்கோடு, 'மாற்றம் எதுவும் இல்லாமல்' ஓடுகின்றன.

வயது விஷயத்திலும் ஒரு பள்ளம் இருக்கிறது. 15 வருடம் தாண்டினால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ஆனது. அந்த வருடமே நான் கட்டினேன். 2025 ஆகஸ்ட்டில் 20 வருடம் தாண்டிய கார், ஜீப்புகளுக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். இன்னொரு பக்கம், 2021இல் விண்டேஜ் வண்டிகளுக்கென்று விதி வந்தது. அதற்கு 50 வயது ஆக வேண்டும், பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது, அன்றாடம் ஓட்டவும் கூடாது. என் ஜீப் அந்தப் பந்தியில் உட்கார 2042 ஆகும். உட்கார்ந்தாலும் காய் மூட்டை ஏற்ற முடியாது. ஜெர்மனியில் 30 வயதானாலே பழைய வண்டிக்குத் தனி நம்பர் கொடுக்கிறார்கள். அங்கே சஸ்பென்ஷனையோ பிரேக்கையோ மாற்றினால், பரிசோதகர் பார்த்துச் சரி என்றால், வண்டியின் காகிதத்திலேயே பதிந்துவிடுகிறார்கள். போலீஸ்காரர் காகிதத்தைப் பார்ப்பார், போ என்பார்.

இங்கே அதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 2019 திருத்தத்தில் 52ஆம் பிரிவிலேயே, வண்டி மாற்றங்களுக்கான தரத்தையும் நிபந்தனைகளையும் மத்திய அரசு வகுக்கலாம் என்று சேர்த்திருக்கிறார்கள். பழைய ஃபோர் வீல் வண்டிகளின் பிரேக், ஸ்டியரிங், சீட் பெல்ட் மூன்றுக்கும் அந்த வழியைத் திறக்கும்படி நீங்கள் இருவரும் சேர்ந்து டெல்லிக்கு எழுத வேண்டும். ஒரு மாநிலம் மட்டும் எழுதினால் எங்களுக்குப் பாதி மலைதான் கிடைக்கும். கொழுக்குமலையைப் பாருங்கள். இடம் தேனி மாவட்டம், வண்டி ஏறுகிற பாதையோ சூரியநெல்லியிலிருந்து, கேரளம் வழியாக. ஜீப்பைத் தவிர வேறெதுவும் ஏறாது.

அது வரும்வரை உங்கள் கையிலேயே இருப்பது ஒன்று உண்டு. போடியில் ஓர் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது, இடுக்கி பைனாவில் ஒன்று இருக்கிறது. இரண்டிலும் மாதத்தில் ஒருநாள் வண்டிகளை வரச்சொல்லி, பாரம் ஏற்றி, எத்தனை அடியில் நிற்கிறது, இறக்கத்தில் தொடர்ந்து மிதித்தால் பெடல் தாங்குகிறதா என்று பார்த்து ஒரு சான்று கொடுக்கச் சொல்லுங்கள். அந்தச் சான்றை எல்லையின் இரு பக்கமும் மதிக்கும்படி ஒரு சுற்றறிக்கை. கட்டணம் வையுங்கள், கட்டுகிறோம். தேறாத வண்டியை ஓரங்கட்டுங்கள், அதற்கும் சம்மதம். மாணவர்களுக்கும் கையில் கிரீஸ் படும்.

என் ஆர்.சி. 2027இல் புதுப்பிக்க வருகிறது, அதற்கு வண்டியை எஃப்சி என்கிற தகுதிச் சோதனைக்குக் காட்ட வேண்டும். மெக்கானிக் தம்பி அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறான். "அதுக்கென்னண்ணே, எஃப்சி அன்னைக்குப் பழைய டிரம்ம மாட்டிக் காட்டிட்டு, சாயங்காலம் டிஸ்க்க மாட்டிக்கலாம். எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க." அந்த நீலம் பூத்த டிரம்களைக் கடைசல் பிடித்து, சாக்கில் கட்டி, பட்டறை மூலையில் வைத்திருக்கிறோம். அவற்றை மாட்டிக்கொண்டு உங்கள் முன்னால் வரட்டுமா, இப்போது இருக்கிறபடியே வரட்டுமா? புதுப்பிக்கும் தேதிக்கு முன்னால் சொல்லிவிட்டால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
கம்பத்திலிருந்து ஓர் ஏலத்தோட்டக்காரன்