வராதவர்களின் கணக்கு

நாகர்கோவில்
அக்டோபர் 26, ஞாயிறு

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. அன்று மாலையே இரண்டு முறை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். கடிதத்தின் கடைசிப் பக்கத்தைப் பற்றிக் கடைசியில்தான் எழுதப்போகிறேன். முதலிலேயே அதை ஆரம்பித்தால் இந்தத் தாளை அப்படியே மடித்து மேசை இழுப்பறைக்குள் போட்டுவிடுவாய். எட்டாம் வகுப்பிலிருந்து உன்னைப் பார்க்கிறேன். ஆகவே நீ கேட்டவற்றுக்கு முதலில் பதில்.

"புற்றுநோய்க் கட்டுப்பாட்டு ஆராய்ச்சித் திட்டத்தின் தலைவியாமே, இனி உன்னிடம் பேச நேரம் கேட்டு வாங்க வேண்டுமா" என்று கேலி செய்திருக்கிறாய். பதவியின் பெயர்தான் நீளம். மருத்துவக் கல்லூரியில் பழைய இருப்பறை ஒன்றை ஒழித்து, மூன்று மேசையும் ஒரு பீரோவும் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மழை பெய்தால் பீரோவை நகர்த்த வேண்டும். இன்று அது நகர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆராய்ச்சி என்றதும் என் மாமியார் உட்பட எல்லோரும் நான் மருந்து கண்டுபிடிப்பதாக நினைக்கிறார்கள். மருந்து கண்டுபிடிக்கிறவர்கள் வேறு ஜாதி. எல்லோருக்கும் தெரிந்த, நிரூபணமான ஒரு விஷயம் அருமனையிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் ஏன் நடக்க மாட்டேன் என்கிறது என்று பார்ப்பது எங்கள் வேலை. கருப்பை வாய்ப் புற்றையே எடுத்துக்கொள். நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிடம் பொறுத்தால், கோளாறான இடம் வெள்ளையாகத் தெரியும். வினிகர் சமாசாரம்தான், பயிற்சி பெற்ற நர்ஸ் ஒருவர் போதும். திண்டுக்கல் மாவட்டத்தில் இதைப் பெரிய அளவில் சோதித்து 2007-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். நோய் 25 சதவீதமும் சாவு 35 சதவீதமும் குறைந்திருந்தன. நம் தமிழ்நாட்டுக் கிராமங்களில், நம் பெண்களிடம் நிரூபிக்கப்பட்டது இது.

அந்தக் கட்டுரையில் என்னைத் தூங்கவிடாத எண்கள் வேறு. சோதனைக்குத் தகுதியானவர்கள் 49,311 பெண்கள். வந்தவர்கள் 31,343 பேர். நீ இயற்பியல் ஆசிரியை, கழித்துப் பார். 17,968. வீடு தேடிப் போய் அழைத்து, இலவசமாகச் செய்த சோதனைக்கு வராதவர்கள் அவர்கள். திட்டத்தை எழுதிக் கொடுத்தபோது என் மனதில் இருந்தது அந்த எண்தான். 2023-இல் அரசு வாய், மார்பு, கருப்பை வாய் மூன்றுக்குமான பரிசோதனையை முதலில் தொடங்கிய நான்கு மாவட்டங்களில் நம்முடையதும் ஒன்று. படிப்பில் முதல் மாவட்டம், இங்கே கூட்டம் அலைமோதும் என்று நானும் நம்பினேன்.

அலைமோதவில்லை. முதல் வருடம் என் முட்டாள்தனமும் அதில் கலந்திருந்தது. முகாம்களைக் காலை பத்திலிருந்து ஒரு மணி வரை வைத்தேன். எனக்கு வசதியான நேரம் அது. ரப்பர் வெட்டுகிறவர்கள் விடியுமுன் எழுந்து போய், சிரட்டையில் வடிந்த பாலை எடுத்து ஊற்றிவிட்டு வரும் நேரம். மீன்காரப் பெண்கள் கூடையோடு சந்தையில் இருக்கும் நேரம். முந்திரி ஆலைப் பெண்கள் காலையில் உள்ளே போனால் மாலையில்தான் வெளியே வருவார்கள். வந்தவர்கள் எல்லாம் ஓய்வு பெற்ற ஆசிரியைகளும் அவர்களுடைய நாத்தனார்களும். எங்கள் களப்பணிப் பெண் ஒருத்தி மூன்றாவது முகாமில், "மேடம், நாம் யாருக்கு முகாம் வைக்கிறோமோ அவர்களைத் தவிர எல்லோரும் வந்திருக்கிறார்கள்" என்றாள். மறு மாதத்திலிருந்து ஆலை விடும் நேரத்துக்கு மாற்றினோம். கடற்கரை ஊர்களில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் கோயிலிலேயே அறிவிக்கச் சொன்னோம்.

ஒப்புதல் படிவமும் ஒரு கூத்து. "மேற்கண்ட ஆய்வின் நோக்கம், இடர்ப்பாடுகள் மற்றும் பலன்கள் எனக்கு விளக்கப்பட்டு, எவ்விதக் கட்டாயமுமின்றி எனது சுயவிருப்பின்பேரில்" என்று ஒன்றரைப் பக்கம். வாசித்துக் காட்டியபோது ஓர் அம்மை கேட்டாராம்: "இது என்ன மக்களே, நிலத்துப் பிரமாணமா?" அந்தக் களப்பணிப் பெண்ணே உட்கார்ந்து பேச்சுக்குப் பக்கத்தில் வரும் தமிழில் திருத்தி எழுதினாள். நெறிமுறைக் குழு இரண்டு சொற்களை மட்டும் மாற்றிவிட்டு ஒப்புக்கொண்டது. நான் இதுவரை எழுதிய கட்டுரைகள் எல்லாவற்றையும்விட அந்த ஒரு பக்கம் அதிகம் பேருக்குப் பயன்பட்டிருக்கும்.

இனி ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். முந்திரி ஆலையில் கொட்டை உடைப்பவர், நாற்பத்தைந்து வயதிருக்கும். சோதனையில் வெள்ளைத் திட்டு தெரிந்தது. கல்லூரிக்கு வந்து கருவியில் பார்த்துக்கொள்ளச் சொல்லிச் சீட்டு கொடுத்தோம். வரவில்லை. போனிலும் பிடிக்க முடியவில்லை. மூன்று மாதம் கழித்து நானே போனேன். தலைவி போகக்கூடாது, ஆள் அனுப்ப வேண்டும் என்பார்கள். எனக்கு அந்தப் பாடம் இன்னும் படியவில்லை. வாசலில் நாற்காலி போட்டு, கருப்பட்டிக் காப்பி கொடுத்தார். கொடுத்துவிட்டுக் கைகளைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டார். முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டு விரல் நுனிகளெல்லாம் கரியாகி, தோல் உரிந்திருந்தன. சீட்டு எங்கே என்று கேட்டேன். உள்ளே போய் ரேஷன் கார்டு உறைக்குள்ளிருந்து எடுத்துவந்தார். நான்காக மடித்து, மடிப்பு கிழியாமல் பத்திரமாக வைத்திருந்தார். தூக்கி எறியவில்லை பார். போகவும் இல்லை.

கூலி போய்விடும் என்பார், பயம் என்பார் என்று நினைத்திருந்தேன். அவர் சொன்னது வேறு: "உங்கள் அறை வாசலில் புற்றுநோய் என்று பெரிய பலகை இருக்கிறதாமே. மகளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறோம். அந்தப் பலகைக்குக் கீழே நான் நிற்பதை யாராவது பார்த்தால்?"

அந்தப் பலகையை நான்தான் எழுதச் சொன்னேன். நீல எழுத்தில், தூரத்திலிருந்தே தெரிகிறாற்போல. பெருமையாகப் படம் எடுத்து உனக்குக்கூட அனுப்பியிருந்தேனே, நினைவிருக்கிறதா?

மறுநாள் கழற்றிவிட்டோம். இப்போது அது வெறும் அறை எண் 7. பக்கத்தில் கண் பரிசோதனை. எதற்கு வந்தாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். அந்தப் பெண் அடுத்த வாரம் வந்தார். முற்றாத நிலை, சிறு சிகிச்சையோடு முடிந்தது. பலகையைக் கழற்றியதால் எத்தனை பேர் கூடுதலாக வந்தார்கள் என்று துறைக் கூட்டத்தில் கேட்டார்கள். எண்ணிக்கொண்டிருக்கிறோம், அவசரப்படாதீர்கள் என்றேன். ஒரு பெண்ணை வைத்துக் கட்டுரை எழுத முடியாது என்பது எனக்கும் தெரியும். பலகையைக் கழற்றக் கட்டுரை எதற்கு?

நீ கேட்ட கருமணல் விஷயம். மணவாளக்குறிச்சி மணலால்தான் நம் ஊரில் புற்றுநோயா என்று உன் அண்ணன் கேட்பதாக எழுதியிருக்கிறாய். வாரம் ஒருவராவது என்னிடமும் கேட்கிறார்கள். இங்கிருந்து கப்பலேறிய கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் 1909-இல் ஒரு ஜெர்மானிய வேதியியலாளர் மோனசைட் என்ற கனிமத்தைக் கண்ட கதை உனக்குத் தெரியும். அதிலிருக்கும், கதிர்வீசும் தோரியத்தைப் பற்றி என்னைவிட நீ நன்றாகச் சொல்வாய். கேரளத்தில் இதே மாதிரி மணல் உள்ள கருநாகப்பள்ளியில் கிட்டத்தட்ட 70,000 பேரைப் பத்து வருடம் பின்தொடர்ந்து 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். இயற்கைக் கதிர்வீச்சு அதிகமுள்ள இடத்தில் வாழ்ந்தவர்களுக்குப் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. அதை அப்படியே நம் ஊருக்கு எடுத்து ஒட்டிவிட்டு, போய் நிம்மதியாகத் தூங்குங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கேட்பவர்கள் வீட்டில் சாவு விழுந்திருக்கிறது. நம் ஊருக்கான பதிலை நம் ஊரில் எண்ணித்தான் சொல்ல வேண்டும்.

எண்ணுவது லேசில்லை. நம் மக்களில் பாதிப்பேர் களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரத்துக்குத்தான் சிகிச்சைக்குப் போகிறார்கள். 1956 வரை ஒரே ராஜ்யம், கால் தானாக அந்தப் பக்கம் போகிறது. அங்கே தங்கச்சி வீட்டு முகவரியைக் கொடுத்துவிடுகிறார்கள். தகப்பன் பெயரின் முதலெழுத்து இங்கே முன்னால், அங்கே பின்னால். ஒரே பெண் இரண்டு பட்டியலில் இரண்டு ஆளாக இருப்பார், அல்லது எதிலுமே இருக்க மாட்டார். இதைச் சரிபார்க்க வைத்திருந்த பையன், பதினொரு மாத ஒப்பந்தம் முடிந்ததும் வளைகுடாவுக்குப் போய்விட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டாம் தவணைப் பணம் இன்னும் வரவில்லை; பயன்பாட்டுச் சான்றிதழில் ஒரு கையெழுத்து இடம் மாறியிருந்ததாம். என் நாளில் பாதி இப்படித்தான் போகிறது.

ஆனால் ஒன்று சொல்கிறேன், சந்தேகமே இல்லாத காரணம் ஒன்று நம் வீட்டு வெற்றிலைச் செல்லத்துக்குள் நூறு வருடமாக இருக்கிறது. அதற்கு யாரும் ஊர்வலம் போவதில்லை. எவரெஸ்ட் ஏற முயன்ற சோமர்வெல் நம் நெய்யூர் ஆஸ்பத்திரியில் டாக்டராக இருந்தது ஊருக்கே தெரியும். அவரோடு அங்கே வேலை பார்த்த ஆர் (Orr) என்ற மருத்துவர், திருவிதாங்கூரில் வெற்றிலை போடுகிறவர்களுக்கு வரும் வாய்ப்புற்றைப் பற்றி 1933-லேயே லான்செட்டில் எழுதியது யாருக்கும் தெரியாது. எனக்கே இந்தப் பொறுப்புக்கு வந்தபிறகுதான் தெரிந்தது. பக்கத்துத் திருவனந்தபுரத்தில் 1996 முதல் களப்பணியாளர்கள் கையில் டார்ச்சோடு வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். புகையிலையோ மதுவோ பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றுச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஒரு டார்ச், ஒரு ஜோடிக் கண்.

சென்ற வாரம் குலசேகரம் பக்கம் ஒரு பெரியவர். வாயிலிருந்ததைத் துப்பிவிட்டு, கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். மூன்று விரலைச் சேர்த்து வாய்க்குள் விடச் சொன்னேன், இரண்டுதான் போயிற்று. டார்ச் அடித்தால், இடது கன்னத்துக்குள்ளே பாலாடை ஒட்டினாற்போல் வெள்ளைப் படை. எந்தப் பக்கம் அடக்குவீர்கள் என்று கேட்டேன். அதே கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். "ஐம்பது வருடமாக இந்தப் பக்கம்தான். மனைவி இருந்தவரை அவள்தான் மடித்துக் கொடுப்பாள்" என்றார். சதை எடுத்துப் பார்க்க எழுதிக் கொடுத்திருக்கிறேன். வருவதாகச் சொன்னார். உன் பாட்டியின் பித்தளைச் செல்லமும், பாக்குவெட்டியின் மயில் கைப்பிடியும் நினைவுக்கு வந்தன. பாட்டி கடைசி நாட்களில் கஞ்சியைக்கூட விழுங்க முடியாமல் கிடந்தபோது நாம் இருவரும் அடுத்த அறையில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தோம்.

சரி. கடைசிப் பக்கத்துக்கு வருகிறேன்.

மல்லிகைச் செடி நன்றாகப் பூக்கிறது என்கிறாய், மாவடு தீர்ந்துவிட்டது என்கிறாய், இரண்டுக்கும் நடுவில் ஒரு வரி: பள்ளியில் நடந்த முகாமில் வலது மார்பில் ஒரு கட்டி மாதிரி இருப்பதாகச் சொல்லி மேமோகிராம் எடுக்கச் சீட்டு கொடுத்தார்கள், பொங்கல் விடுமுறையில் பார்த்துக்கொள்ளலாம் என்றிருக்கிறாய். முகாம் நடந்தது ஆகஸ்டில். எம்.எஸ்ஸி., எம்.எட்., முப்பது வருடம் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக் கொடுத்தவள்!

உன்னைத் திட்டும் தகுதி எனக்கு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊரையெல்லாம் சோதனைக்கு அழைத்துக்கொண்டிருந்த நான், முதல் முறையாக மேசையில் படுத்தது ஐம்பத்திரண்டாவது வயதில். அதுவும் எங்கள் நர்ஸ், "மேடம், நீங்கள்?" என்று கேட்ட பிறகு. மார்பில் தட்டுப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றாக இருப்பதில்லை. உன்னுடையதும் அப்படியே இருக்கலாம். இருக்காமலும் போகலாம், அது மல்லிகைக்கும் மாவடுவுக்கும் நடுவில் வைத்து முடிவுகட்டும் விஷயமில்லை.

இந்தக் கடிதத்தை நாளைக் காலை கூரியரில் போடுகிறேன். புதன் இரவு ரயிலில் கோயம்புத்தூருக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். வியாழக்கிழமை பதினொரு மணிக்கு ஸ்கேன். அங்கே என்னோடு படித்த டாக்டர் ஒருவரிடம் சொல்லி நேரம் வாங்கியாயிற்று. பள்ளிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிடு. ஸ்டேஷனுக்கு வரவேண்டாம், ஆட்டோ பிடித்து வந்துவிடுவேன். மட்டிப்பழம் ஒரு தார் பழுக்கப் போட்டிருக்கிறேன், அதில் இரண்டு சீப்பு கொண்டுவருகிறேன்.

அந்தச் சீட்டை எதற்குள் மடித்து வைத்திருக்கிறாயோ, அதைத் தேடி எடுத்து வை.

உன்
பழைய பெஞ்சுக்காரி