மீனைத் தேடாமல் கல்லைப் பார்க்கச் சொன்னவர்களுக்கு

சேர்வராயன் மலை ஓடைகளில் எந்த மீன் எந்த இடத்தில் தங்குகிறது என்று பார்க்கும் என் முதுகலை ஆய்வு முடிந்துவிட்டது. ஆய்வேட்டின் நன்றியுரையில் பேராசிரியருக்கும் அனுமதி தந்த வனத்துறைக்குமே இடம் சரியாகப் போய்விட்டது. மற்றவர்களுக்கு இந்த மடல்.

சின்னக் கண்ணி வலையை இரவல் தந்த கன்னங்குறிச்சி மாமாவுக்கு நன்றி. ஈர வாளியோடு ஏறினாலும் முகம் சுளிக்காமல் 20 கொண்டை ஊசி வளைவும் இறக்கிக் கொண்டுவந்து விட்ட கண்டக்டர் அண்ணனுக்கும் நன்றி.

காப்பித் தோட்டத்துத் தாத்தாவுக்குத்தான் பெரிய கடன். முதல் மாதம் முழுக்க மடுவிலேயே வலை போட்டேன். நிற்க வசதியான இடம். கெண்டைக் குஞ்சுகள்தான் வந்தன. "மீனைத் தேடாத கண்ணு, கல்லைப் பாரு" என்றார். நுரைத்து ஓடும் தண்ணீருக்குள் பாசி மூடிய ஒரு கல், அதில் விரலகலத்துக்கு வழித்தெடுத்த தடம். கல்லொட்டி என்ற மீன் பாசியை மேய்ந்த தடம் அது. கையை விட்டு ஒன்றைப் பிடித்து என் உள்ளங்கையில் வைத்தார். தாடைக்கடியில் இருந்த வட்ட உறிஞ்சியால் அப்படியே ஒட்டிக்கொண்டது!

பிறகுதான் ஓடை பிடிபட்டது. வேகத்தில் கல்லொட்டி, மணலில் புதைந்து அயிரை, நிழல் மடுவில் கெண்டை, கரையோரச் சருகுக்கடியில் குறவை. குறவை மேலே வந்து காற்றையும் விழுங்கும், தேங்கிய தண்ணீரிலும் பிழைக்கும். கல்லொட்டி தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனை நம்பியே இருக்கிறது. கடல் மட்டத்தில் 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் தாங்கும், 30 டிகிரியில் 7.5 தான். மலை உயரத்தில் இன்னும் குறையும். நிழல் தந்து தண்ணீரைச் சூடேறாமல் காக்கும் கரை மரங்களை வெட்டாமல் விட்டிருக்கும் தோட்டக்காரர்களுக்கு அதனால்தான் தனியாக நன்றி சொல்கிறேன்.

நீரோட்டம் அளக்கும் கருவி வாங்க வசதியில்லை. ஆரஞ்சு தந்த பழக்கடை அக்கா, உங்கள் பழம்தான் என் கருவி. பெரும்பகுதி முங்கி மிதப்பதால் காற்று தள்ளாது. 5 மீட்டரைக் கல்லொட்டி இடத்தில் 7 வினாடியில் கடந்தது, மடுவில் ஒரு நிமிடம் ஆனது.

கடைசியாக, ஊர்த் தம்பிகளுக்கு. குளிப்பதற்காக யாரோ கல் அடுக்கித் தண்ணீரைத் தேக்கியிருந்தார்கள். ஓட்டம் நின்று, கற்களில் சேறு படிந்து, அங்கே ஒரு கல்லொட்டிகூட இல்லை. நான் சொன்ன அன்றே இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி அத்தனை கல்லையும் எடுத்துப் போட்டீர்கள். மழைக்குப் பிறகு போய்ப் பார்த்தேன், தம்பி. மூன்று கற்களில் வழித்த தடம் இருக்கிறது.

அன்புடன்,
சேலத்திலிருந்து ஒரு விலங்கியல் மாணவி