'போல' வந்தாலே உவமையா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற வாரம் மாணவர் இணைப்பில் வந்த அணி இலக்கணப் பக்கத்தைப் பத்தாம் வகுப்புப் படிக்கும் என் பேரனோடு உட்கார்ந்து படித்தேன். 'போல வந்தால் உவமை, வராவிட்டால் உருவகம்' என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தீர்கள். அச்சகத்தில் முப்பது வருஷம் புரூஃப் பார்த்த கண், அதற்குமேல் நகர மறுத்துவிட்டது.

'மழை வரும் போல இருக்கு' என்கிறோம். 'போல' இருக்கிறது, உவமை எங்கே? வெறும் ஊகம்தான். வகுப்புக்கு ஒரு கயல்விழியோ தேன்மொழியோ இருப்பாள். அந்தப் பெயர்களில் 'போல' கிடையாது. ஆனாலும் கயல் போன்ற விழி என்றுதான் விரியும். 'போன்ற' என்கிற உவம உருபு மறைந்து நிற்பதால் உவமைத்தொகை. அதையே 'விழிக்கயல்' என்று திருப்பிப் போட்டால் விழியாகிய கயல், அது உருவகம். முதல் குறளில் எழுத்தெல்லாம் அகரத்தில் தொடங்குகின்றன என்று ஒரு செய்தி, உலகம் ஆதிபகவனில் தொடங்குகிறது என்று இன்னொரு செய்தி. 'அதுபோல' என்பதை நாம்தான் நடுவில் வைத்துப் படிக்கிறோம். எடுத்துக்காட்டு உவமையணி. உங்கள் கட்டத்தை நம்பினால் வள்ளுவர் உருவகத்தில் ஆரம்பித்துவிடுவார்!

தண்டியலங்காரம் என்கிற அணி இலக்கண நூல் சொல்லும் பொருளணிகளே (பொருளால் அழகு தரும் அணிகளே) 35. எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் அடக்க முடியாது, புரிகிறது. ஆனால் உருபைத் தேடச் சொல்வதற்குப் பதில், எந்த வகையில் ஒப்பு என்று கேட்கச் சொல்லியிருக்கலாம். தொல்காப்பியர் வினை (செயல்), பயன், மெய் (வடிவம்), உரு (நிறம்) என்று நான்கு வழி காட்டுகிறார். துடியிடை, அதாவது உடுக்கை போன்ற இடை, வடிவத்தால்; பவளவாய் நிறத்தால். 'மழைக்கை' வந்ததும் பேரன், "கை நனைஞ்சிருக்குமா தாத்தா?" என்றான். நல்ல கேள்வி. இங்கே ஒப்பு பயனில்: திருப்பி எதுவும் கேட்காமல் பெய்கிற மழை மாதிரி கொடுக்கிற கை. "அப்ப உங்க கை இல்லை" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டான்.

தற்குறிப்பேற்ற அணிக்கு இரண்டே வரி ஒதுக்கியதுதான் எனக்கு ஆறவில்லை. கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்குகிறார்கள். மதில்மேல் கொடிகள் காற்றில் அசைகின்றன. இளங்கோவடிகள் அதை 'வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட' என்கிறார். கொடி ஆடுவது இயற்கை. 'வராதீர்கள்' என்று அது கையசைத்துத் தடுப்பதாகச் சொல்வது கவிஞர் தம் குறிப்பை ஏற்றுவது. உள்ளே காத்திருக்கும் கொலை படிக்கிற நமக்குத் தெரியும். நடந்து வருகிறவனுக்குத் தெரியாது. கொடியின் கையசைப்பு நமக்கு மட்டுமே புரிகிறது. இந்த வரியிலும் ஒரு 'போல்' இருக்கிறது, கவனித்தீர்களா? உங்கள் கட்டத்தை மனப்பாடம் செய்த பிள்ளை உவமை என்று எழுதி மதிப்பெண்ணை விட்டுவிட்டு வரும்.

அடுத்த இணைப்பில் ஒரு திருத்தம் போட்டால் நல்லது. அரைப்பக்கமெல்லாம் வேண்டாம், அதே அளவு கட்டம் போதும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
விருதுநகர்.