புளியமரப் பேய்க்கு மட்டும் கோடாலியா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் ஆசிய நாடுகளின் மரப்பேய்களைப் பற்றி நடுப்பக்கம் முழுக்க வந்த கட்டுரையைப் படித்தேன். தாய்லாந்து, மலேசியா, பிலிப்பைன்ஸ் என்று சுற்றிக் காட்டிய வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. மதுரைப் பக்கம் வந்து இறங்கியதும், "வீட்டருகே புளி, முருங்கை இருந்தால் உடனே அகற்றிவிடுவது நல்லது" என்று ஒரு வரியைப் போட்டுவிட்டுக் கட்டுரையாளர் போய்விட்டார். எங்கள் ஊரில் அந்த வரியைக் கத்தரித்து, லேமினேட் செய்து, ஊருணிக் கரைப் புளியமரத்தை வெட்டக் கேட்கும் மனுவோடு இணைத்துவிட்டார்கள். "பேப்பர்லயே போட்டாச்சு, இனி என்னண்ணே பேச்சு?" என்கிறார்கள்.

தாய்லாந்தில் தகியன் மரத்தில் பெண் ஆவி இருக்கிறது என்று நம்பி வண்ணத்துணி சுற்றுகிறார்கள், உடுப்பு வைத்துக் கும்பிடுகிறார்கள், பட்டையில் மாவைத் தேய்த்து லாட்டரி எண் தெரிகிறதா என்றுகூடப் பார்க்கிறார்கள். வாழையில் குடியிருக்கும் நாங் தானி என்கிற பெண் ஆவிக்கும் துணியும் படையலும் உண்டு. பிலிப்பைன்ஸில் ஆல் இனத்துப் பலேத்தே மரத்தடியில் போகிறவர்கள், அதிலிருக்கும் ஆவிகளிடம் "தாபி தாபி போ" என்று வழி கேட்டுவிட்டுத்தான் நடக்கிறார்கள். அங்கே பேய் இருப்பதால் மரம் பிழைக்கிறது. வெட்டுகிற யோசனை நம்மூர் மரத்துக்கு மட்டும் எங்கிருந்து வந்தது? அவ்வளவு தூரம் போவானேன், அழகர்மலைக்கு அந்தப் பக்கம் காசம்பட்டி கோயில்காட்டில் வீரகருப்பு சாமிக்குப் பயந்து ஒரு சுள்ளியைக்கூட யாரும் ஒடிப்பதில்லை. 2025-இல் அரசே அதைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல.

படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'பேய் உறையும் புளியமரம்' என்று நீங்கள் போட்டிருந்தது தூங்குமூஞ்சி மரம். ரோஸ் நிறத்தில் பவுடர் ஒற்றும் பஞ்சு மாதிரி பூ தெரிகிறதே! புளியம்பூ மஞ்சளில் சிவப்புக் கோடு ஓடியது, கைக்குள் அடங்குகிற பூ. கீழமாசி வீதியில் ஒரு புளிக்கடையில் கணக்கு எழுதியே என் காலம் போனது. மரத்தைப் பார்த்தே இராதவரிடம் பேயைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலைமை எனக்கு!

அதோடு 'அறிவியல் காரணம்' வேறு. இரவில் புளியமரம் கரியமில வாயு விடுமாம், அதனால்தான் பேய் அமுக்குவது போலிருக்குமாம். எல்லா மரமும்தான் விடுகிறது. பக்கத்தில் படுத்திருக்கும் மனிதரும்தான் விடுகிறார், அவரை யாரும் வெட்டச் சொல்வதில்லை. கனவுத் தூக்கத்தில் தளர்ந்த உடம்பு விழிப்பதற்குள் மூளை விழித்துக்கொண்டால் அசைய முடியாமல் அமுக்குகிறது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். மூன்றாவது மாடி ஃபிளாட்டில் ஏசி அறையிலும் அமுக்கும்.

எங்கள் மரத்தில் பேய் ஓட்டி அடித்த ஆணிகள் இன்னும் இருக்கின்றன. பட்டை வளர்ந்து பாதி ஆணியை விழுங்கிவிட்டது. தலை மட்டும் துருவேறித் தெரிகிறது. எங்கள் அத்தை புகுந்த வீட்டில் சோறு இறங்காமல் திரும்பி வந்தபோது, கோடாங்கி உடுக்கடித்து, உச்சிமுடியில் ஒரு கொத்தை எடுத்து அதில்தான் அறைந்தார். ஒரு ஆம்பளை முடியாவது அந்த மரத்தில் உண்டா என்று அத்தை கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். ஆனால் மரத்தின் மேல் அவருக்குக் கோபமில்லை. மாசி, பங்குனியில் அதே மரத்தை ஏலத்தில் எடுத்து, ஆள் விட்டு உலுக்கி, திண்ணையில் உட்கார்ந்து தோடு உடைத்து, நார் உரித்து, கொட்டை தட்டி எடுத்துத்தான் இரண்டு பிள்ளைகளைக் கரையேற்றினார். பேய் பிடித்ததாகச் சொன்ன வீட்டிலிருந்து ஒரு பைசா வரவில்லை.

சாலை அகலப்படுத்த நம்பர் எழுதிய புளியமரங்களை வரிசையாகச் சாய்த்தபோது நான் எழுதிய கடிதத்தை, பாதியை வெட்டி, 'வாசகர் ஏக்கம்' என்று தலைப்பிட்டுப் போட்டீர்கள். எனக்கு ஏக்கமில்லை ஐயா, கோபம். முருங்கையில் வேதாளம் தொங்குகிறது என்று பயமுறுத்திய இதே இணைப்பின் கடைசிப் பக்கத்தில் முருங்கைக்கீரை அடை செய்முறை. அதற்குக் கீழே, வீட்டில் வைத்தால் பணம் கொட்டும் என்று மணி பிளான்ட் விளம்பரம். பசிபிக் கடலில் மோரேயா தீவிலிருந்து வந்த அந்தக் கொடிக்கு லட்சுமி கடாட்சம், நம் ரசத்தில் கரைகிற மரத்துக்குப் பேய்ப்பட்டம். முருங்கைக் கிளை பட்டென்று ஒடியும், கம்பளிப்பூச்சி அடையும், அதனால் வாசலை விட்டுத் தள்ளி வை என்றால் சரி. அதைச் சொல்ல வேதாளம் எதற்கு?

நான் கேட்பது இரண்டு வரித் திருத்தம்தான். மரத்தை அகற்றச் சொன்னது கட்டுரையாளரின் சொந்த யோசனை என்றும், பொது இடத்து மரத்தை வெட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும் என்றும் போடுங்கள். படத்தையும் மாற்றினால் நல்லது. ஆட்சியர் அலுவலகத்தில் மனு வாங்குவது திங்கட்கிழமை. வருகிற ஞாயிறு இதழிலேயே வந்தால்தான் பிரயோசனம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புளிக்கடைக் கணக்கர்,
மேலூர் வட்டம், மதுரை மாவட்டம்.